சக்கரத்தைத் திருப்பினது யாரு?

"அண்ணாச்சி, இன்னைக்கும் மங்கலாத்தான் தெரியுது. விடிஞ்சா சிவகிரியில கல்யாணம். நான் என்ன செய்யட்டும்?"

சுகிர்தா கேமராவை ஸ்டூடியோ மேசைமேல் வைத்தாள். சீட்டு எடுத்து வாங்கிய புது டி.எஸ்.எல்.ஆர். கூடவே கிட்டத்துக்கு ஒரு லென்ஸ், தூரத்துக்கு ஒரு லென்ஸ். சொந்தக்காரர் வீடுகளில் சும்மா எடுத்துப் பழகியவளுக்கு, முன்பணம் கொடுத்துக் கூப்பிட்ட முதல் கல்யாணம் நாளைக்குத்தான்.

நல்லக்கண்ணு ஸ்டூடியோவும் வைத்திருக்கிறார், பிளெக்ஸும் அச்சடிக்கிறார். கேமராவைக் கண்ணில் வைத்து வாசலை ஒரு படம் எடுத்தார். பின்பக்கத் திரையில் அவளுக்குக் காட்டினார்.

"படம் நல்லாத்தான விழுந்திருக்கு? கேமராவுக்கு ஒண்ணும் இல்லம்மா. நீ கண்ணு வச்சுப் பாக்க இடத்துக்குப் பக்கத்துல ஒரு சின்னச் சக்கரம் இருக்கு பாரு. அதை யாரோ திருப்பியிருக்காவ."

"அது எதுக்கு அண்ணாச்சி?"

"கண்ணாடி போடுதவங்க கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாக்கதுக்கு. அவங்கவங்க கண்ணுக்குத் தக்கன திருப்பிக்கிடலாம். உனக்குத்தான் கண்ணாடி கிடையாதே." அவர் சக்கரத்தை மெல்லத் திருப்பிக் கொடுத்தார். "இப்பம் பாரு."

பளிச்சென்று தெரிந்தது. ஆனால் சுகிர்தாவின் முகம் தெளியவில்லை.

"ஒரு வாரமா இதே கூத்துதான் அண்ணாச்சி. தினம் ஒரு மாதிரி மங்கலா இருக்கு. கிட்டத்து லென்ஸை மாட்டி வச்சிட்டு ஜவுளிக்கடை வேலைக்குப் போறேன். திரும்பி வந்து பாத்தா தூரத்து லென்ஸு மாட்டிக் கிடக்கு."

"உங்க வீட்டுல யாரு கண்ணாடி போடுதா?"

யார் போடுவார்? மாமியார் முருகம்மாள்தான். கேமரா வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து அவளுடைய வாய் ஓயவில்லை. 'கழுத்துல ஒரு பெட்டியைத் தொங்கவிட்டுக்கிட்டு, ஆம்பளையளுக்கு நடுவுல போய் நிப்பாளாம்! நல்லா இருக்கு லட்சணம்!' சிவகிரி கல்யாணம் முடிவானதும் ஒரு நிபந்தனையும் போட்டுவிட்டாள். அங்கே ஏதாவது சொதப்பினால் மறுநாளே பெட்டியை விற்றுவிட வேண்டும். சுகிர்தாவின் கணவன் பெத்துராஜ் பஸ் கண்டக்டர். பஸ் முழுவதையும் அதட்டி உள்ளே தள்ளுகிறவன், இந்த இரண்டு பேருக்கும் நடுவில் மட்டும் வாயே திறக்கமாட்டான்.

"நாளைக்கு நான் தோத்து வரணும்னே செய்தாவ அண்ணாச்சி." சுகிர்தா கேமராவைப் பைக்குள் வைத்தாள்.

"சும்மா இரு. உன் சித்தி மவ கல்யாணத்துல நீ எடுத்த படம் நம்மூரு மண்டபத்துக்காரருக்குப் பிடிச்சுப்போயில்லா, விளம்பரத்துக்குக் கேட்டு வாங்கினாரு? போன வாரம் மண்டபத்து மாடியில அம்மாம்பெரிய பிளெக்ஸா ஏத்தி நிறுத்தியாச்சு. அடியில 'படம்: சுகிர்தா'ன்னு பேரும் போட்டிருக்கேன்."

"அம்புட்டு உசரத்துல எறும்பு கணக்கா போட்டிருக்கிய. அதை யாரு படிக்கப் போறா?"

சொல்லிவிட்டு எழுந்தாள். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து கேமராவைப் பீரோவில் வைத்தாள். "அத்தை, நான் கடைக்குப் போயிட்டு வாரேன்."

முருகம்மாள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. "போ, போ. அந்தப் பெட்டியை எங் கண்ணுல படாம வச்சியா?"

"வச்சிட்டேன்."

தெருமுனை வரை போனாள். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வந்த வழியே திரும்பினாள்.

அடுப்படியில் வெங்காயம் பாதியில் கிடந்தது. பீரோ திறந்து கிடந்தது. கேமராவைக் காணோம். மொட்டைமாடியில் பேச்சுச் சத்தம் கேட்டது. முட்டுவலி என்று கோயிலுக்குக்கூட வராத மாமியார் மாடிப்படி ஏறியிருக்கிறாள்! சுகிர்தாவுக்குச் சுறுசுறுவென்று கோபம் வந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, சத்தம் காட்டாமல் படியேறினாள்.

மாடியில் மாமியார் மட்டும் இல்லை. எதிர்வீட்டுப் பேச்சியும் அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலரும், கழற்றிய மூக்குக்கண்ணாடியைக் கையில் பிடித்தபடி வரிசையில் நின்றார்கள். கேமராவின் வார் முருகம்மாளின் கழுத்தில் கிடந்தது. தூரத்து லென்ஸ் மாட்டியிருந்தது. பேச்சி குனிந்து அதில் கண்ணை வைத்திருந்தாள்.

"ஏன் மதினி, நாளைக்குச் சொதப்பினா இதை வித்துரணும்னு சொன்னியளாமே?"

"அப்படி ரோசத்தைக் கிளப்பிவிட்டாத்தான்ட்டி அவ ஜெயிச்சுட்டு வருவா. அது கிடக்கட்டும். சக்கரத்தை உன் கண்ணுக்குத் தக்கன நல்லாத் திருப்பு. மண்டபத்து மாடி தெரியுதா?"

"தெரியுது மதினி. பொண்ணும் மாப்பிள்ளையும் மாலையோட நிக்காவ."

"அதுவளைத்தான் ஊரே பாக்குதே! நீ கீழ பாரு, இன்னும் கீழ. எழுத்து தெரியுதுல்லா? நல்லாச் சத்தமா வாசிட்டி, எம் மருமவ பேரை!"