மருமகள் போட்ட சத்தம்

"இது ரசமா, சட்டி கழுவுன தண்ணியா? உங்களுக்கு நாக்கு செத்துப்போச்சா அத்த?"

மருமகள் அடுப்படியிலிருந்து போட்ட சத்தம் பதுளை பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கேட்டிருக்கும். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த வள்ளியம்மைக்கோ வாயெல்லாம் பல்.

அடுத்த வீட்டுக்கு நேற்றுத்தான் குடிவந்த ஹம்ஸியாவுக்குப் பொறுக்கவில்லை.

"என்னக்கா இது? மாமியாருன்னு ஒரு மரியாத இல்லாம இந்த ஏச்சு ஏசுறா. நீங்க என்னடான்னா சிரிக்கிறீங்க!"

"சிரிக்காம என்ன செய்ய தங்கச்சி? என் மகன் மொனராகலையில இருந்து இந்தச் சோமாவதியக் கட்டிக் கூட்டிட்டு வந்தப்ப, அவளுக்குச் சிங்களத்தத் தவிர ஒண்ணும் தெரியாது. தமிழ் பூராவும் நான் சொல்லிக் குடுத்தது," என்றாள் வள்ளியம்மை, முறத்தை ஒரு தட்டுத் தட்டி. "நீங்களும்தான் கேட்டீங்களே, எங்கயாவது தடுமாறினாளா?"