ஸ்டியரிங்கின் உள்விளிம்பு

ஹாலிஎல வீட்டின் பின்விறாந்தையில், காலை வெயிலில், முழங்கால்களுக்கிடையே ஸ்டியரிங்கை இடுக்கிக்கொண்டு அராவுகிறேன். கூரையை அறுத்தெடுத்த பழைய ஆஸ்டின் கார், இது இல்லாமல் முற்றத்தில் நிற்கிறது. மலைப்பாதைப் பந்தயத்துக்கு ஏற்ற சின்ன ஸ்டியரிங் எதுவும் இப்போது இறக்குமதியாவதில்லை. பலாப்பலகையை வளைவு வளைவாக அறுத்து, வச்சிரப் பசை காய்ச்சி, இரண்டு அடுக்காக ஒட்டியிருக்கிறேன். ஒட்டிய அன்று என் மனைவி ஸுலைஹாவும் பக்கத்தில் இருந்தாள். காய்ச்சலில் அவள் மௌத்தாகி இன்று இருபது நாள். அவளுடைய தம்பி அலவி எதிரே குந்தியிருக்கிறான். "மச்சான், இது ஸ்டியரிங்கா, ரொட்டிக்கல்லா? கொஞ்சம் சிரிங்களேன்." நான் அரத்தை மறுபடி இழுக்கிறேன். அரம் கிறீச்சிடுகிறது. அடுக்குகளுக்கிடையே பிதுங்கி உறைந்த வச்சிரம் மஞ்சள் தூளாக நான் உடுத்திய சாரத்தில் உதிர்கிறது. உள்விளிம்பைத் திருப்புகிறேன். வெயில் அதில் சாய்வாக விழுகிறது. வச்சிரத்தில் ஒரு பெருவிரல் பதிந்திருக்கிறது. காய்ந்துவிட்டதா என்று அழுத்திப் பார்த்து, "அல்லாவே, ஒட்டுது" என்று அவள் கையை உதறியது இந்த இடத்தில்தான். மெல்லிய ரேகைகள் பாதி தெரிகின்றன. மறுபாதி தூளாகி உதிர்ந்துவிட்டது, அங்கே அரத்தின் கீறல்கள் மட்டும். "ஏன் மச்சான் நிப்பாட்டிட்டீங்க? இன்னும் ரெண்டு இழுப்புத்தான்." அலவி எழுந்து வருகிறான். என் மடியில் கிடக்கும் தூளைப் பார்க்கிறான். "அசையாதீங்க, ஊதி விடுறேன்" என்று குனிந்து கன்னங்களை உப்புகிறான். என் கை தானாக எழுந்து அவன் வாயை இறுகப் பொத்துகிறது.