கூடையில் கடற்பாசி

மூன்றாவது தடவையாகவும் பாலேஸ்வரி கடற்பாசியைக் கூடையிலிருந்து எடுத்தாள்.

எடுப்பதென்றால், குசினி மேசையில் சாய்த்து வைத்திருந்த ரப்லெட்டில் ஒரு சின்னப் பெருக்கல் குறியை அமர்த்துவதுதான். அமர்த்தியதும் அந்தக் கறுத்த, முழ நீளப் பொதி மறைந்துவிடும். சற்று நேரத்தில் திரும்பி வந்து நிற்கும். சியோலிலிருந்து யாரோ ஒருத்தி திரும்பப் போடுகிறாள்.

யாரோ இல்லை. அவள்தான். மகனைக் கட்டியவள்.

இரண்டு வருஷத்துக்கு முன் நத்தாருக்கு மல்வேர்னுக்கு, இந்த வீட்டுக்கு வந்தபோது மகன் பிரியந்தன் இந்த ரப்லெட்டில்தான் சியோலில் தான் சாமான் எடுப்பிக்கும் இணையக் கடையைத் திறந்து காட்டினான். இரவு பதினொரு மணிக்குள் கேட்டால் விடியுமுன் வாசலில் பை இருக்குமாம். காட்டியவன் கணக்கை மூட மறந்து போய்விட்டான்.

அடுத்த வருஷம் ஒரு கொரியப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்தான். செய்து முடித்த பிறகுதான் தாய்க்குச் சொன்னான். பாலேஸ்வரி போனை வைத்தாள். அதற்குப் பிறகு அவன் எடுத்தால் அவள் தொடுவதில்லை.

ஆனால் கூடையைப் பார்த்தாள். ஒவ்வொரு காலையும். எழுத்து விளங்காது, படங்கள் போதும். முட்டை, முள்ளங்கி, பன்றி இறைச்சி. பிறகு கை சும்மா இருக்கவில்லை. பன்றியை எடுத்தாள். பழைய பட்டியலில் கத்தரிக்காயைக் கண்டு, அதைப் போட்டாள். பொரிச்ச குழம்பென்றால் அவனுக்கு உயிர். கத்தரிக்காயை மட்டும் அங்கே யாரும் எடுப்பதில்லை. அது ஒவ்வொரு நாளும் போய்ச் சேர்ந்தது. அது தன் வெற்றி என்று அவள் நினைத்திருந்தாள்.

மணி ஒன்பது ஐம்பது. இங்கே பத்தடித்தால் அங்கே பதினொன்று.

அடுப்பில் மல்லியும் மிளகும் வறுபட்டுக்கொண்டிருந்தன. ஜெயமலரின் மகளுக்கு நேற்றுப் பிள்ளை பிறந்திருக்கிறது. மல்வேர்னில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் பத்தியக் கறிக்குச் சரக்குத்தூள் பாலேஸ்வரியிடமிருந்துதான் போகும்.

“அவனை மாடெண்டு நினைச்சிட்டாளே உவள்? நாலு நாளா ஒரே புல்லு.”

மேசையின் மற்ற முனையில் லப்டொப்பில் வேலை செய்துகொண்டிருந்த நிலாணி தலையை நிமிர்த்தவில்லை.

“அம்மா, அந்தக் கடற்பாசியை எடுக்காதேங்கோ. அங்க பிள்ளை பெத்த ஆக்களுக்கு அதிலதான் சூப் வச்சுக் குடுக்கிறவை.”

பாலேஸ்வரி திரும்பி மகளைப் பார்த்தாள்.

அவள் ரப்லெட் பக்கம் பார்க்கவேயில்லை, பாராமலே சொல்லியிருந்தாள்.

அவனுக்குப் பிள்ளை பிறந்தது எப்போதிருந்து தெரியும் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும். நாலு நாளாக அவள் முகத்தைப் பாராமல் தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பிய கணவர் இராஜரட்ணத்துக்கும் தெரிந்திருக்கிறது. ஊருக்கெல்லாம் சரக்கு வறுக்கிறவளுக்கு மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவளுக்குக் காது வரை சுட்டது. யாரில் கோபப்படுவது என்று தேடத் தேட, ஒவ்வொரு முகமும் போனை வைத்த தன் கையில் வந்து நின்றது. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

ஒன்பது ஐம்பத்தைந்து.

கடற்பாசி திரும்பி வரவில்லை. இரண்டு தடவை திரும்பப் போட்டவள் இந்தத் தடவை போடவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாளோ. போதும் என்று விட்டுவிட்டாளோ.

பழைய பட்டியலைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அதில் கடற்பாசி இல்லை. அது முன்னர் ஒருபோதும் அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டதில்லை.

கூடையில் மிஞ்சியிருந்தது கத்தரிக்காய் மட்டும்.

கத்தரிக்காய் கிரந்தி, பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி அந்தப் பக்கமே திரும்பக் கூடாது என்று நேற்றுத்தான் ஜெயமலரின் மகளைப் போனில் வெருட்டியிருந்தாள்.

பெருக்கல் குறியை அமர்த்தினாள். கத்தரிக்காய் மறைந்தது.

பிறகு ரப்லெட்டை மேசையில் உரசிக்கொண்டு போகும்படி மகளின் பக்கம் தள்ளினாள்.

“உந்தப் புல்லைத் தேடி எடு. அஞ்சு நிமிசம்தான் கிடக்கு. சிரிச்சியெண்டா அறைவன்.”