டாக்டர் மயானம் இருந்த கேசட்

யங்ஸ்டவுன் பெருமக்களே, மாபெரும் அறிவிப்பு! சனிக்கிழமை இரவுகளில் நம்மூர் டிவியில் சவப்பெட்டியிலிருந்து எழுந்து, பேய்ப்படம் போட்டு, நடுநடுவே வந்து பேசிய அழியாப்புகழ் கலைஞர் டாக்டர் மயானம் மீண்டும் கிடைத்துவிட்டார்!

அந்த வேஷம் கட்டிய வெர்னனுக்கு இப்போது எண்பது வயது. டிவி நிலையத்தார் அவருடைய நிகழ்ச்சிகளை அழித்து, அதே டேப்பில் பந்துருட்டும் பவுலிங் போட்டிகளைப் பதிந்துவிட்டார்கள். சாவதற்குள் தன்னை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

"கவலைய விடுங்க டாக்டர்! அப்பவே ஒரு வாரம்கூட விடாம வீட்ல பதிஞ்சு வச்சிருக்கேன்," என்று பெட்டி நிறையக் கேசட்டோடு வந்தான் பரம ரசிகன் டுவெயின்.

முதல் கேசட்டில் படம் ஓடியது. இரண்டாவதிலும் படம்தான்.

"நான் எங்கப்பா?"

"டேப் வீணாகக் கூடாதுல்ல? நீங்க பேச வந்ததும் பதிவ நிறுத்திடுவேன். ஒரு தடவகூட அசந்ததில்ல டாக்டர்!"

மற்றபடி, படம் நன்றாகத்தான் இருந்தது.