மழைக்கோட்டுக்காரன்

பசிபிக் கடலிலிருந்து வந்த மூடுபனியில் நகரமன்றக் கட்டடமே மிதந்தது. போலீஸ் சீர்திருத்தமும் இன நீதியும் கேட்டு, மதிய இடைவேளையில் கூடிய நகராட்சி ஊழியர்கள் கனவில் வருபவர்களைப் போலப் பாதி கரைந்து நின்றார்கள். படிகளின் மேலே துணை மேயர் விட்டேக்கர் மைக்கில் உருகிக்கொண்டிருந்தார்.

"கறுப்புச் சகோதரர்களை அச்சமின்றிப் பார்க்க நம் காவல்துறை கற்க வேண்டும்!"

நூலகத்தில் வேலை பார்க்கும் லவோன், பக்கத்தில் நின்ற நெடிய கறுப்பு இளைஞனை முழங்கையால் இடித்தாள். "நீயும் போய்ப் பேசேன் தம்பி."

"பேசினா வேலை போயிடும்க்கா."

"எனக்கு மட்டும் சிலையா வைப்பாங்க? நான் பேசலையா? நீ எந்த டிபார்ட்மென்ட்?"

"அதை விடுங்கக்கா. போன வாரம் என் வீட்டு வாசல்லயே ரோந்துக்காரனுங்க என்னைக் கார்லேருந்து இறக்கிக் குப்புறப் படுக்க வெச்சானுங்க."

"அதைத்தான்டா போய்ச் சொல்லு!"

மழைக்கோட்டுப் பைகளில் கைவிட்டபடி அவன் பனிக்குள்ளிருந்து படியேறினான். துணை மேயரின் பேச்சு பாதியில் நின்றது. உதவியாளர் பக்கம் குனிந்தவர், மைக்கை அணைக்க மறந்தார்.

"யாருய்யா அந்த ஆளு? சீக்கிரம் போலீஸைக் கூப்பிடு!"

ஒலிபெருக்கி அதைப் பனியெங்கும் மென்மையாகப் பரப்பியது.

இளைஞன் மழைக்கோட்டைக் கழற்றினான். உள்ளே நீலச் சீருடை, நெஞ்சில் போலீஸ் பேட்ஜ்.

"வந்துட்டேன் சார்," என்றான். "மைக்கைக் கொடுங்க."