சேறு படாத வண்டி

காட்டோரத்தில் யாரோ விட்டுப்போன பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கரடி தன் குகைக்கு உருட்டி வந்தது. வண்டி வேலை அதற்குச் சுத்தமாகத் தெரியாது. எடுத்த எடுப்பில் செயினுக்குத் தேன் தடவியது.

"எறும்பு கடிக்குது! எண்ணெய் போடப்பா!" என்று வண்டி கத்தியது.

வண்டி சொல்லச் சொல்லக் கரடி கற்றுக்கொண்டது. துருவைச் சுரண்டியது, கார்பரேட்டரைக் கழுவியது, தன் உடம்புக்கு ஏற்ற அகலமான சீட் வைத்தது, டேங்குக்கு நாவல்பழ நிறம் பூசியது. ஒருநாள் காலை ஓங்கி உதைத்ததும் வண்டி படபடவென்று உயிர்பெற்றது. கரடிக்குக் கண் கலங்கிவிட்டது.

"கிளம்பலாமா? மலைக்கு அந்தப் பக்கம் பார்த்து எத்தனை வருஷமாச்சு!" என்றது வண்டி.

கரடி வெளியே எட்டிப் பார்த்தது. மழையில் பாதையெல்லாம் சேறு. "ஐயோ, பெயிண்ட் பாழாயிடுமே. வெயில் வரட்டும்" என்று எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைத் துடைக்கத் தொடங்கியது.

வெயில் வந்தது. "புழுதி பறக்குதே" என்றது கரடி. பனி வந்தது. "துரு பிடிக்குமே" என்றது.

வண்டிக்குப் பொறுக்கவில்லை. கரடி துடைத்துக்கொண்டிருக்கும்போதே ஸ்டாண்டிலிருந்து நழுவி, சரிவில் உருண்டு, எருமைகள் புரளும் குட்டையில் தொப்பென்று விழுந்தது. கரடி தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்து தூக்கி நிறுத்தியது. ஹெட்லைட் வரை சேறு.

"போச்சு, எல்லாம் போச்சு!"

"அதான் போயிடுச்சே" என்றது வண்டி. "இப்ப ஏறு."

கரடி ஏறி உதைத்தது. எருமைகள் விலகி வழிவிட்டன.