பேரூராட்சிப் பலகை

தர்மன் ஐயம்பேட்டையில் பட்டு நெய்பவன். கால் கழுவாமல் தறிக்குழியில் இறங்கமாட்டான். கடலோரப் பேரூராட்சி ஒன்றைக் கலைத்து நகராட்சியோடு சேர்த்தபோது, அதன் தேக்குப் பெயர்ப்பலகையை ஏலத்தில் எடுத்தான். அதைக் கவிழ்த்துப் போட்டு, தறியில் உட்காரும் பலகையாக்கினான்.

“எங்க ஊரு மேலயே குந்தப் போறியா? குந்து, நல்லா குந்து!” என்று, ஏலத்தில் அவன் இந்த யோசனையைச் சொல்லக் கேட்ட அந்த ஊர் மீன்காரி ஒருத்தி காறித் துப்பியிருந்தாள்.

பலகை போட்ட மறுநாளே குழியில் நீர் ஊறியது. இறைக்க இறைக்க ஏறியது. மனைவி பூவம்மாள் நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

“உப்பு கரிக்குதுய்யா. கடல் எங்க இருக்குது, நாம எங்க இருக்கிறோம்?”

இன்று காலை நீர் தறியில் விரித்திருந்த பாவு நூலைத் தொட்டிருந்தது. குழியிலிருந்து ஏறிய ஈரக் காலடிகள் பல, அவர்கள் படுத்திருந்த பாய்வரை வந்திருந்தன. திரும்பிப் போன தடம் இல்லை.

தர்மன் பலகையைத் துடைத்து, ஊர்ப்பெயர் தெரியும்படி வாசலில் மாட்டினான்.

“நாம வேற வீடு பாத்துக்கலாம்மா” என்றான்.